ஜி.ஆர்.இ. மதிப்பெண் குறைந்ததா? பரிந்துரைக் கடிதத்தைக் கவனியுங்கள்

அமெரிக்க மேற்படிப்புக்காக எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வு முடிந்த கையோடு திரையில் இரண்டு எண்கள் வந்து நிற்கும். ஒன்று கணக்குக்கு, இன்னொன்று ஆங்கிலத்துக்கு. இரண்டுமே 130-க்கும் 170-க்கும் இடையில். வீட்டில் இரண்டையும் கூட்டித்தான் கேட்பார்கள். 298 என்றோ 303 என்றோ சொன்னால் அடுத்த கேள்வி, "மறுபடியும் எப்போ எழுதலாம்?" என்பதாகத்தான் இருக்கும். 21 நாள் கழித்து எழுதலாம். 12 மாதத்துக்குள் 5 முறை வரை எழுதலாம். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ இருபதாயிரம் ரூபாய் கட்ட வேண்டும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முனைவர் படிப்புக்கான கெடு பெரும்பாலும் டிசம்பரில் முடிந்துவிடும். ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரைதான் விண்ணப்பத்தை உருவாக்க வேண்டிய மாதங்கள். அந்த மாதங்களை நம் பிள்ளைகளில் பலர் இரண்டாவது, மூன்றாவது முயற்சிக்கே கொடுத்துவிடுகிறார்கள். 303 என்பது 307 ஆகிறது. விண்ணப்பத்தின் மற்ற பகுதிகள் கடைசி வாரத்தில் அவசர அவசரமாக எழுதப்படுகின்றன. இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிற விஷயம். காய்ச்சலிலோ பதற்றத்திலோ எழுதிச் சொதப்பியிருந்தால் இன்னொரு முறை எழுதலாம், நியாயம்தான். அதற்கு மேல் அந்தத் தேர்வோடு மல்லுக்கட்டாதீர்கள். மிச்சமிருக்கும் வாரங்களைப் பரிந்துரைக் கடிதங்களுக்கும், அந்தக் கடிதத்தில் எழுதத்தக்க ஒரு வேலைக்கும் கொடுங்கள். ஏன் இப்படி உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

காரணங்களுக்கு முன் தேர்வின் கதை கொஞ்சம். இந்தத் தேர்வு 1936-இல் முளைத்தது. கார்னகி அறக்கட்டளையும் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து சோதனை முயற்சியாகத் தொடங்கின. பிறகு அது 1947-இல் உருவான ஈ.டி.எஸ். நிறுவனத்தின் கைக்குப் போனது. 2011 ஆகஸ்டு வரை 200 முதல் 800 வரை மதிப்பெண். அதன் பிறகுதான் இந்த 130-170 கணக்கு. 2023 செப்டம்பரிலிருந்து தேர்வு நேரமும் பாதியாகி, இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

முதலில் 'குறைவு' என்றால் என்ன? கணக்கில் 160 வாங்கியவர் தேர்வு எழுதியவர்களின் வரிசையில் ஏறக்குறைய நடுவில்தான் நிற்பார். ஆங்கிலத்தில் அதே 160 வாங்கியவருக்குப் பின்னால் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் இருப்பார்கள். கணக்கில் முழுசாக 170 வாங்குகிறவர்களே நூற்றுக்கு ஏறத்தாழ எட்டுப் பேர். இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் பொறியியல் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் எழுதுவதால் கணக்குப் பகுதியின் மேல் நுனி அப்படி நெரிசலாகிவிட்டது. ஆகவே இரண்டையும் கூட்டிச் சொல்லும் அந்த ஒற்றை எண்ணுக்கு, பக்கத்து வீட்டுப் பையனின் எண்ணோடு ஒப்பிடுவதைத் தவிர பெரிய பயன் இல்லை. கணினித் துறை கணக்குப் பகுதியைப் பார்க்கும். வரலாற்றுத் துறை ஆங்கிலத்தையும் தேர்வின் கட்டுரைப் பகுதியையும் பார்க்கும்.

இந்த எண்ணை அங்கே யார், எப்படிப் படிக்கிறார்கள்? ஜூலி பாசெல்ட் என்ற கல்வியியல் ஆய்வாளர் மூன்று பல்கலைக்கழகங்களில் முன்னணியில் இருக்கும் பத்து முனைவர் படிப்புகளின் சேர்க்கை முறையை நெருங்கிப் பார்த்து, 2016-இல் புத்தகமாக எழுதினார். பேராசிரியர்களுக்கு நேரம் இல்லை. மேசையில் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள். முதல் சுற்றில் யாரைத் தள்ளுவது என்பதற்கு மதிப்பெண் கைகொடுக்கிறது. அதிக மதிப்பெண் வாங்கியவர் அறிவாளி என்ற நினைப்பும் கூடவே ஒட்டிக்கொள்கிறது. இவ்வளவுக்கும், ஜி.ஆர்.இ. மதிப்பெண்ணை மட்டும் வைத்து ஒருவரை நிராகரிக்கக் கூடாது என்று தேர்வை நடத்தும் ஈ.டி.எஸ். நிறுவனமே தன் வழிகாட்டுதலில் எழுதி வைத்திருக்கிறது. ஆகவே குறைந்த மதிப்பெண்ணோடு விண்ணப்பிக்கிறவர் முதல் சுற்றிலேயே எண்ணை வைத்துக் கழிக்கும் துறை எது, விண்ணப்பத்தைப் பிரித்துப் படிக்கும் துறை எது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பிரித்துப் படித்தால் என்ன நடக்கும் என்பதற்கு நாஷ்வில் நகரம் நல்ல சாட்சி. அங்கே கறுப்பின மக்களுக்காக உருவான ஃபிஸ்க் பல்கலைக்கழகமும், வசதி படைத்த வாண்டர்பில்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2004-இல் ஒரு பாலத் திட்டம் தொடங்கின. மாணவர் முதலில் ஃபிஸ்கில் முதுநிலை படிப்பார்; படிக்கும்போதே வாண்டர்பில்ட் ஆய்வகங்களில் வேலை செய்வார்; பிறகு முனைவர் படிப்புக்குப் போவார். ஜி.ஆர்.இ. எண்ணை ஒதுக்கி வைத்துவிட்டு நீண்ட நேர்காணலில் ஆட்களைத் தேர்ந்தார்கள். கஷ்டமான ஒரு காரியத்தில் எவ்வளவு காலம் விடாமல் நின்றிருக்கிறார், தோற்றபோது என்ன செய்தார் என்று கேட்டார்கள். இயற்பியலாளர் கேசி மில்லரும், அந்தத் திட்டத்தோடு தொடர்புடைய கீவன் ஸ்டாசனும் 2014 ஜூனில் 'நேச்சர்' இதழில் கணக்கைச் சொன்னார்கள். திட்டத்தில் சேர்ந்தவர்களில் 81 சதவீதம் பேர் முனைவர் பட்டம் பெற்றுவிட்டார்கள், அல்லது பட்டத்தை நோக்கி ஒழுங்காக முன்னேறிக்கொண்டிருக்கிறார்கள். நாடு முழுவதும் முனைவர் படிப்பில் சேர்கிறவர்களில் முடிக்கிறவர்கள் பாதிப் பேர்தான். வழக்கமான மதிப்பெண் வரம்பு வைத்திருந்தால் அந்த மாணவர்களில் பெரும்பாலோர் உள்ளேயே வந்திருக்க முடியாது.

அடுத்த ஆண்டு வானியல் துறையில் எமிலி லெவெஸ்க்கும் இரண்டு சக ஆய்வாளர்களும் ஒரு காரியம் செய்தார்கள். ஹப்பிள், ஐன்ஸ்டைன், சேகன் போன்ற பெருமைக்குரிய முதுமுனைவர் நல்கைகளை வென்றவர்களிடம் அவர்களுடைய பழைய இயற்பியல் ஜி.ஆர்.இ. (தனிப் பாடத் தேர்வு) மதிப்பெண்ணைக் கேட்டு வாங்கினார்கள். அந்தத் துறையின் உச்சியில் இருக்கும் இளைஞர்கள் அவர்கள். மதிப்பெண்களோ மேலும் கீழுமாகச் சிதறிக் கிடந்தன. பிற்காலத்தில் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கைக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு தெரியவில்லை. 2015 டிசம்பரில், அமெரிக்க வானியல் சங்கத்தின் அன்றைய தலைவர் மெக் அர்ரி, இந்தத் தேர்வைப் பயன்படுத்தும் விதத்தை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று துறைகளைக் கேட்டுக்கொண்டார்.

2017 ஜனவரியில் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் இன்னும் முக்கியம். வாண்டர்பில்ட்டில் 2003 முதல் 2011 வரை உயிர்மருத்துவ முனைவர் படிப்பில் சேர்ந்த 683 பேரின் பாதையைப் பார்த்தார்கள். யார் பட்டம் முடித்தார்கள், யார் தகுதித் தேர்வில் தேறினார்கள், யார் அதிகக் கட்டுரை எழுதினார்கள் என்பது எதையும் ஜி.ஆர்.இ. மதிப்பெண் முன்கூட்டிச் சொல்லவில்லை. முதல் பருவத்தின் பாட மதிப்பெண்ணை ஓரளவு சொன்னது. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 280 பேரை எடுத்துக்கொண்டு, ஆய்வில் அதிகம் சாதித்தவர்களையும் குறைவாகச் சாதித்தவர்களையும் பிரித்துப் பார்த்தார்கள். மதிப்பெண்ணில் வேறுபாடு இல்லை. கல்லூரியில் வாங்கிய மதிப்பெண்ணிலும் இல்லை. வேறுபாடு தெரிந்தது பரிந்துரைக் கடிதங்களில்தான்.

எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும். நேதன் கன்சலும் சக ஆய்வாளர்களும் 2001-இல் 82,659 மாணவர்களின் தரவுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, ஜி.ஆர்.இ. மதிப்பெண்ணுக்கும் மேற்படிப்பில் வாங்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு இருப்பதாகக் கண்டார்கள். தவிர, வாண்டர்பில்ட் ஆய்வு போன்றவை ஏற்கெனவே இடம் கிடைத்தவர்களை மட்டும்தான் பார்க்கின்றன. குறைந்த மதிப்பெண்ணோடு உள்ளே போனவரிடம் வேறு ஏதோ ஒரு பலம் இருந்திருக்கும், அதனால்தான் எடுத்திருப்பார்கள். இந்த ஆட்சேபம் சரியானது. ஆனால் நம் மாணவருக்கு வேண்டிய செய்தியும் அந்த ஆட்சேபத்துக்குள்ளேயே இருக்கிறது. குறைந்த மதிப்பெண்காரருக்கு இடம் கிடைக்க அந்த வேறு ஒரு பலம் வேண்டும். அது காகிதத்தில் தெரியவும் வேண்டும்.

அது தெரிகிற இடம் கடிதம். நாம் மிகவும் கோட்டை விடுகிற இடமும் அதுதான்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் எல்.ஓ.ஆர். எனப்படும் பரிந்துரைக் கடிதம் எப்படி உருவாகிறது என்று படித்தவர்களுக்குத் தெரியும். மூத்த மாணவர் ஒருவரிடமிருந்து ஒரு வேர்டு ஃபைல் வரும். பெயரை மாற்றி, பாடத்தின் பெயரை மாற்றி, ஹெச்.ஓ.டி.யிடம் கொண்டுபோனால் லெட்டர்ஹெட்டில் கையெழுத்து கிடைத்துவிடும். நேர்மையானவர், கடின உழைப்பாளி, பணிவானவர், வருங்காலத்தில் கல்லூரிக்குப் பெருமை சேர்ப்பார். மூன்று ஆசிரியர்களின் மூன்று கடிதங்களையும் அந்த மாணவரே எழுதியிருப்பார் என்பதால், மூன்றிலும் ஒரே நடை, ஒரே பிழைகள். இப்போது பல்கலைக்கழகங்கள் ஆசிரியருக்கே நேரடியாக மின்னஞ்சல் அனுப்பிக் கடிதம் கேட்கின்றன. அதற்கும் ஆசிரியர் பெயரில் தாங்களே ஒரு முகவரி திறந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அது மோசடி. கண்டுபிடித்தால் கொடுத்த இடத்தையும் பறித்துக்கொள்வார்கள்.

ஆசிரியர்களை மட்டும் குறை சொல்வதில் அர்த்தமில்லை. ஒரு பிரிவில் 60 பேர், மூன்று பிரிவு, வாரம் முழுக்க வகுப்பு, நடுவில் அங்கீகாரக் குழு வேலை. அக்டோபரில் ஒரே வாரத்தில் பத்துப் பேர் வந்து கடிதம் கேட்டால் அவர் என்னதான் செய்வார்? ஆனால் மதிப்பெண் நன்றாக இருக்கும் மாணவர் சத்தற்ற கடிதத்தோடும் தப்பித்துவிடலாம். மதிப்பெண் குறைந்தவருக்கு அந்தக் கடிதம்தான் கடைசிக் கயிறு.

படிக்கிறவரை நிமிர வைக்கும் கடிதத்தில் பாராட்டுச் சொற்கள் குறைவாகவும் நடந்த விஷயம் அதிகமாகவும் இருக்கும். உதாரணத்துக்கு: இறுதியாண்டு புராஜெக்ட்டில் மோட்டாரின் வேகத்தை அளக்கும் கருவி தாறுமாறாகக் காட்டியது, மற்றவர்கள் புரோகிராமைத் திருத்திக்கொண்டிருந்தபோது இவர் ஒயர் இணைப்பைச் சந்தேகித்தார், ஆஸிலோஸ்கோப்பை வைத்து ஒவ்வொரு இடமாகச் சோதித்து எர்த் இணைப்பில் இருந்த கோளாறைக் கண்டுபிடித்தார், பிறகு எல்லா அளவுகளையும் முதலிலிருந்து எடுத்தார். இப்படி நாலு வரி இருந்தால் போதும், படிக்கும் பேராசிரியருக்குத் தன் ஆய்வகத்தில் இந்த ஆள் எப்படி நடந்துகொள்வார் என்று தெரிந்துவிடும். கூடவே வரும் படிவம், இதுவரை நீங்கள் பார்த்த மாணவர்களில் இவர் முதல் 5 சதவீதத்தில் இருக்கிறாரா, பத்திலா என்று கேட்கும். அதற்கு உண்மையான பதில் சொல்லும் அளவுக்கு அந்த ஆசிரியருக்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே இரண்டு மாதம் முன்பே போய்க் கேளுங்கள். போகும்போது, அவரிடம் நீங்கள் செய்த வேலை என்ன, எப்போது செய்தீர்கள், எங்கே சிக்கியது, எப்படி மீண்டீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். கடிதத்தை அவர் எழுதட்டும். தகவல் உங்களுடையதாக இருக்கட்டும். "சார், என்னைப் பற்றி உறுதியாக எழுத முடியுமா?" என்று கேட்கத் தயங்காதீர்கள். அவர் இழுத்தால் வேறொருவரிடம் போங்கள். பதவியில் பெரியவர் எழுதினால் மதிப்பு அதிகம் என்று நினைத்து, முகம் தெரியாத முதல்வரிடம் போய் நிற்காதீர்கள். கூட நின்று வேலை வாங்கிய இளம் உதவிப் பேராசிரியர் எழுதுவது பல மடங்கு மேல். விண்ணப்பத்தில், கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். விட்டுக்கொடுங்கள். மாணவர் கண்ணில் படாத கடிதத்தைத்தான் அங்கே நம்புகிறார்கள்.

'அப்படிச் சொல்லிக்கொள்ளும் வேலை எதையும் நான் செய்யவில்லையே' என்பவர்கள்தான் அதிகம் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு ஓர் ஆண்டு தாமதம் நல்லது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட இடம். சென்னை அடையாறில் தோல் ஆராய்ச்சி நிறுவனம், தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம், ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம் எல்லாவற்றிலும் அரசு நிதியில் நடக்கும் திட்டங்களுக்கு ஆள் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். புராஜெக்ட் அசோசியேட், புராஜெக்ட் அசிஸ்டென்ட் என்று பெயர். நெட், கேட் தேர்வுகளில் தேறாதவர்களுக்கும் குறைந்த சம்பளத்தில் இடம் உண்டு. பல இடங்களில் நேரடி நேர்காணல்தான். இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள் என்றால், மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைகால நல்கை இருக்கிறது. இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் கீழ் வேலை செய்யலாம். இங்கிருந்து வரும் கடிதத்தின் கனமே வேறு. அந்த விஞ்ஞானியின் கட்டுரைகளை அங்கே இருப்பவர் படித்திருக்கவும் கூடும்.

இனி, மதிப்பெண்ணை அனுப்புவதா வேண்டாமா? 2018-இல் முன்னணி 50 அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் மூலக்கூறு உயிரியல் முனைவர் படிப்புகளில் 44 சதவீதம் ஜி.ஆர்.இ. கேட்பதை நிறுத்தியதாக 'சயின்ஸ்' இதழ் எழுதியது. 2020-இல் கொரோனாவால் தேர்வு மையங்கள் மூடியதும் மற்ற துறைகள் பலவும் கைவிட்டன. பொருளாதாரம் போன்ற சில துறைகள் இன்னும் கேட்கின்றன. சில இடங்களில் 'விருப்பம் இருந்தால் அனுப்பலாம்' என்றிருக்கும். அப்படியிருந்தால், அந்தத் துறை வெளியிடும் சராசரியைவிட உங்களுடையது குறைவு என்றால் அனுப்பாதீர்கள். பல முறை எழுதியிருந்தால், எந்த நாளின் மதிப்பெண்ணை அனுப்புவது என்று தேர்ந்தெடுக்கும் வசதியும் உண்டு.

இதில் நம் ஊர் மாணவருக்கு மட்டும் ஒரு சிக்கல். விருதுநகர் பக்கத்திலிருக்கும் ஒரு தனியார் கல்லூரியை அமெரிக்கப் பேராசிரியருக்குத் தெரியாது. அங்கே 8.4 சி.ஜி.பி.ஏ. என்றால் என்ன தரம் என்பதும் தெரியாது. ஒருவகையில் ஜி.ஆர்.இ. எண் ஒன்றுதான் இருவருக்கும் பொதுவான மொழியாக இருந்தது. அது போனால் ஐ.ஐ.டி. பெயர் வைத்திருப்பவருக்கு லாபம், பெயரில்லாத கல்லூரிக்காரருக்கு நட்டம். தேர்வைக் கைவிடுவதை முழு வெற்றியாகக் கொண்டாட என்னால் முடியாததற்கு இதுதான் காரணம்.

அந்தப் பொது மொழிக்கு மாற்று சில இடங்களில் உருவாகி வருகிறது. எம்.ஐ.டி.யில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ இருவரும் பணியாற்றிய பொருளாதாரத் துறை, வளர்ச்சிக் கொள்கை பற்றி இணையவழிப் பாடங்களைத் திறந்துவைத்தது. அவற்றில் தேறியவர்கள் வளாகத்துக்கே வந்து முதுநிலை படிக்க விண்ணப்பிக்கலாம், ஜி.ஆர்.இ. வேண்டாம். 2020-இல் வந்த முதல் அணியில், இளநிலைப் பட்டமே இல்லாதவர்களும் இருந்தார்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகம் இணையவழி முதுநிலையில், பழைய மதிப்பெண் பட்டியலைக்கூடக் கேட்காமல், குறிப்பிட்ட மூன்று பாடங்களை எடுத்து நல்ல மதிப்பெண்ணோடு முடித்தால் சேர்த்துக்கொள்கிறது. அரியர் வைத்துத் தேறியவர்கள் இந்த வழியை அவசியம் பார்க்க வேண்டும்.

அரியர் பற்றியும் குறைந்த மதிப்பெண் பற்றியும் எஸ்.ஓ.பி. என்னும் நோக்க அறிக்கையில் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதுவது தப்பு. உண்மையான காரணம் இருந்தால் இரண்டு வரி. அதோடு விட்டுவிட்டு உங்கள் வேலைக்கு வந்துவிடுங்கள். டோஃபல், ஐ.இ.எல்.டி.எஸ். விஷயத்தில் மட்டும் கவனம். அவற்றுக்கான குறைந்தபட்ச மதிப்பெண்ணைப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் விதியாகவே வைத்திருக்கின்றன. கடிதமோ அனுபவமோ அதை ஈடுகட்டாது.

இன்னொன்றைப் பெற்றோர்களுக்குச் சொல்ல வேண்டும். குறைந்த மதிப்பெண்ணோடு எம்.எஸ். இடம் கிடைப்பது உண்மையில் அவ்வளவு கடினம் அல்ல. சொந்தப் பணத்தில் படிக்க வரும் வெளிநாட்டு மாணவர் பல பல்கலைக்கழகங்களுக்கு முக்கிய வருமானம். 'உங்கள் பிள்ளைக்கு அட்மிட் வாங்கித் தருகிறோம்' என்று கன்சல்டன்சிகள் துணிந்து சொல்வது அதனால்தான். அவர்களில் பலருக்குப் பல்கலைக்கழகமே கமிஷன் கொடுக்கிறது. இரண்டு ஆண்டுச் செலவு 40 லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் அரசு வங்கிகள் பெரும்பாலும் வீட்டையோ நிலத்தையோ அடமானம் கேட்கும். அடமானமில்லாமல் கொடுப்பவர்கள் வட்டியைக் கூட்டுவார்கள். ஆகவே இடம் கிடைத்ததும் இனிப்பு வாங்கும் முன், அந்தத் துறையில் ஆய்வேடு எழுதும் வாய்ப்பு உண்டா, உதவித்தொகை எத்தனை பேருக்குக் கிடைக்கிறது, போன ஆண்டு முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று அங்கே படிக்கிறவர்களிடமே கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் ஓர் ஆண்டு காரைக்குடிக்குப் போவது எவ்வளவோ மேல்.

முனைவர் படிப்பின் கணக்கு வேறு. பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை, மாதச் சம்பளம் உண்டு. நான்கு ஆண்டு பி.இ. முடித்தவர் எம்.எஸ். இல்லாமலே நேராக விண்ணப்பிக்கலாம் என்பது நம் மாணவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. ஆய்வில் உண்மையான ஆசை இருந்து மதிப்பெண் மட்டும் குறைந்தவர்களுக்கு, விண்ணப்பத்தை முழுதாகப் படிக்கும் வாய்ப்பு அங்கேதான் அதிகம். ஐந்து வருடம் சம்பளம் கொடுத்துக் கூடவே வைத்திருக்கப்போகிற ஆள் என்பதால் பேராசிரியர்கள் தேடித் தேடிப் படிக்கிறார்கள்.

கடல் தாண்ட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. என்.ஐ.டி.களில் எம்.டெக். சேர்வதற்குக் கேட் மதிப்பெண் வரிசைதான் எல்லாம். ஆனால் சென்னை ஐ.ஐ.டி.யின் ஆய்வு வழி எம்.எஸ்., பிஎச்.டி. படிப்புகளில் கேட் எண் அழைப்புக் கடிதம் வரைக்கும்தான் வரும். அதற்குப் பிறகு எழுத்துத் தேர்வும் நேர்காணலும். அழைப்பு கிடைத்த பிறகு, கேட் ரேங்க்கில் பின்னால் இருந்தவர் நேர்காணலில் முந்திவிட வழி இருக்கிறது.

அமெரிக்காவுக்கே விண்ணப்பித்தவர்களுக்குக் கடைசியாக ஒன்று: அங்கே உதவித்தொகையோடு வரும் அழைப்புகளுக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல மாணவருக்கு அவகாசம் தர வேண்டும் என்று, முதுநிலைக் கல்வி மன்றத்தின் தீர்மானத்தில் நூற்றுக்கணக்கான பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன. நாலைந்து இடம் கிடைத்தவர் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை விடுவது பெரும்பாலும் அந்த வாரத்தில்தான். காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர்களுக்கு அப்போது இடம் திறக்கும். இன்னும் பதில் வராத துறைக்கு ஏப்ரல் முதல் வாரத்தில் சுருக்கமாக ஒரு மின்னஞ்சல் எழுதி, டிசம்பருக்குப் பிறகு நீங்கள் செய்து முடித்த வேலையைச் சொல்லி, இன்னும் ஆர்வமாக இருப்பதைத் தெரிவியுங்கள்.